மாத்திரையை நிறுத்திவிட்டு என்னிடம் வராதீர்கள்!

"ஐயா, அந்த இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்திப் பத்து நாளாச்சு. எப்பப் பாத்தாலும் தூங்கித் தூங்கி விழுதான். ஒடம்புக்கும் சூடு. நீங்களா பாத்து ஒரு சூரணம் குடுங்க!"

எங்கள் திருவேங்கடம் சுற்று வட்டாரத்தில் மனநோயாளியை அழைத்து வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சித்த மருத்துவனிடம் இதைச் சொன்னால் சந்தோஷப்படுவான் என்ற நினைப்பு! எனக்கோ வயிற்றைக் கலக்கும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறு போட்டால் அதில் ஒரு கூறு! இந்த இடைவெளியைத் தாண்டிச் செய்தி கொண்டு போகிற ரசாயனங்களைத்தான் 'நரம்புக் கடத்திகள்' என்கிறோம். நரம்பின் நுனியில் சின்னஞ்சிறு பைகளில் இவை சேமித்து வைக்கப்பட்டிருக்கும். சேதி வந்ததும் பை திறக்கும். ரசாயனம் அடுத்த செல்லில் போய் ஒட்டும். வேலை முடிந்ததும் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும், அல்லது சிதைந்துவிடும்.

டோபமின் ஊக்கத்துக்கும் கை கால் அசைவுக்கும் வேண்டும். செரட்டோனினுக்கு மனநிலை, தூக்கம், பசி ஆகியவற்றில் பங்கு உண்டு. காபா என்பது நரம்புகளுக்கு பிரேக் மாதிரி.

மனச்சிதைவு நோயில் மூளையின் சில பகுதிகளில் டோபமின் மிதமிஞ்சி வேலை செய்கிறது. காதில் யாரோ பேசுவது போலிருப்பதும், வீண் சந்தேகமும் அதனோடு சம்பந்தப்பட்டவை. டாக்டர் கொடுக்கும் மாத்திரை, டோபமின் போய் ஒட்டும் இடத்தை அடைத்து வைக்கிறது. மனச்சோர்வுக்கான பல மாத்திரைகள் செரட்டோனின் உடனே உறிஞ்சப்படாமல் தடுக்கின்றன.

அதற்காக 'செரட்டோனின் குறைந்துபோச்சு, அதான் மனச்சோர்வு' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. பரம்பரை, கடன், துக்கம், குடி, தூக்கமின்மை என்று பல காரணங்கள் கூடித்தான் நோய் வருகிறது. மாத்திரை சாப்பிட்டதும் ரசாயனம் சில மணி நேரத்திலேயே மாறும். ஆனால் மனம் தெளிய இரண்டு முதல் நான்கு வாரம்கூட ஆகும். "ஒரு வாரம் சாப்பிட்டோம், கேக்கல" என்று நிறுத்துவது எத்தனை தப்பு, பாருங்கள்!

நம்ம ஊர் மூலிகை சொன்ன பாடம்

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை. சித்த நூல்கள் மனநோய்களைக் 'கிரிகை' என்று பெயரிட்டு 18 வகையாகப் பிரித்துச் சொல்கின்றன. நரம்புக் கடத்திகளின் ரகசியத்தைத் திறந்த சாவிகளில் ஒன்றும் நம் நாட்டு வேர்தான். அதுதான் சர்ப்பகந்தி!

பித்துப் பிடித்தவர்களுக்கு இந்த வேரைக் கொடுப்பது நம் நாட்டில் வெகுகாலப் பழக்கம். 1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய டாக்டர்கள், மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் இது வேலை செய்கிறது என்று எழுதினார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தில் இந்த வேரிலிருந்து 'ரெசர்பின்' என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அந்த ரெசர்பின், நரம்பு நுனியில் உள்ள பைகளைக் காலி செய்துவிடுகிறது என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது.

ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை அசைவற்றுச் சுருண்டன. பிறகு 'எல்-டோபா' என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். முயல்கள் எழுந்து நடமாட ஆரம்பித்தன! இது 1957-ல் வெளியானது. எல்-டோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறும். நடுக்குவாதத்துக்கு இன்றைக்கும் அதுதான் முக்கிய மருந்து. 2000-ஆம் ஆண்டு கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த எல்-டோபா நம் பூனைக்காலி விதையிலும் இருக்கிறது. ஆமாம், காய் மேலே பட்டால் அரித்துப் பிடுங்குமே, அதே பூனைக்காலிதான். விதையில் எல்-டோபா இருப்பதை 1937-லேயே தாமோதரன், ராமசாமி இருவரும் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

இதைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. நம் மூலிகையும் இங்கிலீஷ் மாத்திரையும் வேலை செய்வது ஒரே இடத்தில்தான் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரே இடத்தில் இரண்டு பேர் கை வைத்தால், ஒருவருக்கு இன்னொருவர் செய்வது தெரிந்திருக்க வேண்டாமா?

மூலிகைதானே என்று அலட்சியம் வேண்டாம்!

தாதுபுஷ்டிக்கு என்று பூனைக்காலிச் சூரணத்தை நாட்டு மருந்துக் கடையில் வாங்கித் தின்கிறார்கள். மனச்சிதைவுக்காரர் தின்றால்? டாக்டர் மாத்திரையால் டோபமினை அடக்குகிறார், இவர் சூரணத்தால் ஏற்றுகிறார். அடங்கிய குரல்கள் மறுபடியும் காதில் கேட்க ஆரம்பிக்கும்.

சர்ப்பகந்தி மனச்சோர்வு உள்ளவருக்கு ஆகாது. ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்து விழுந்ததை டாக்டர்களே அந்தக் காலத்தில் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் முறையில் பித்தத்தைத் தணிக்க பேதிக்குக் கொடுப்பது வழக்கம். ஆனால் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு பேதி கொடுத்தால் உடம்பில் நீரும் உப்பும் குறையும். ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகிவிடும். கை நடுக்கம், தள்ளாட்டம், மயக்கம் என்று உயிருக்கே ஆபத்து.

தூக்க மாத்திரையைப் பல மாதம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். "ரெண்டு நாள் குற்றாலத்துல தலையைக் காட்டினா பித்தம் தெளிஞ்சிரும்" என்று கூட்டிக்கொண்டு போகிறார்களே... அருவிக் குளியல் சுகமானதுதான். ஆனால் மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்!

எங்கள் துறையிலேயே "முதல்ல அந்த மாத்திரைய நிறுத்துங்க, அப்புறம் பாக்கலாம்" என்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை. இங்கிலீஷ் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. நாட்டு மருந்து என்றாலே நோயாளியைத் திட்டாதீர்கள். திட்டினால் மறைப்பான். மறைத்தால்தான் ஆபத்து.

அப்படியானால் என்ன செய்வது?

சிகிச்சைக்கு என்னிடம் வாருங்கள், ஆனால் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மலச்சிக்கல், அஜீரணம், பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல், யோகாசனம், தூக்க ஒழுங்கு... இதிலெல்லாம் சித்த மருத்துவம் நன்றாகவே துணை நிற்கும். நான் கொடுக்கும் மருந்தை உங்கள் மனநல டாக்டரிடம் காட்டுங்கள்.

தூங்கித் தூங்கி விழுந்தாலும், உடம்பு பெருத்தாலும், கை நடுங்கினாலும் அதை அந்த டாக்டரிடமே சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரை மாற்றலாம், ராத்திரிக்கு மட்டும் கொடுக்கலாம். நிறுத்த வேண்டும் என்றாலும் படிப்படியாகக் குறைத்து நிறுத்தத் தெரிந்தவர் அவர்தான். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காசு செலவில்லை. அவசரமாகப் பேச வேண்டுமா? மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறோம், யாரும் கேலி செய்வதில்லை. மூளையும் உடம்பில் ஓர் உறுப்புதானே! அதற்கு மாத்திரை சாப்பிட மட்டும் ஏன் வெட்கம்? உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்று ராத்திரி மாத்திரை போட்டாரா என்று அன்பாக ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவும் மருந்துதான்.