வராத பிள்ளையும் தண்டனை பெறும் தாயும்

வெளிநாட்டுப் பெருமை பேசும்போது நம்மவர்கள் தவறாமல் சொல்லும் சங்கதி ஒன்று உண்டு: பிள்ளை பள்ளிக்கூடம் போகாவிட்டால் அங்கே பெற்றோருக்கு அபராதம், மீறினால் ஜெயில், அதனால்தான் ஒழுங்கு நிலைக்கிறது, இங்கேயும் அப்படியொரு சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். இந்தப் பேச்சில் முதல் பாதி உண்மை. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 444ஆவது பிரிவு, பிள்ளை தக்க காரணமின்றிப் பள்ளிக்கு வராமலிருந்தால் பெற்றோரைக் குற்றவாளி ஆக்குகிறது. 2,500 பவுண்டு வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். இரண்டாம் பாதிதான் தவறு. தண்டனைக்குப் பயந்து பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்கள் என்ற வாதத்துக்கு அந்த நாட்டு அரசின் கணக்கே எதிர்ச்சாட்சியாக நிற்கிறது.

2018–19 கல்வியாண்டில், பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தவறவிட்ட மாணவர்கள் அங்கே 10.9 சதவீதம். கொரோனாவுக்குப் பிந்தைய 2022–23இல் அது 21.2 சதவீதம் ஆனது. பாதி நாட்களுக்கு மேல் வராதவர்கள் 0.8 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்ந்தார்கள். அபராதம் குறைந்ததால் நேர்ந்ததல்ல இது. 2022–23இல் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் அபராத நோட்டீஸ்கள் போயின. மறு ஆண்டு அது 4 லட்சத்து 87 ஆயிரத்தைத் தாண்டியது. அந்த மறு ஆண்டிலும் பாதி நாள் வராதவர்களின் விகிதம் ஏறத்தான் செய்தது. இவ்வளவு அபராதமும் யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். பத்தில் ஒன்பது நோட்டீஸ்கள், குடும்பத்தோடு சுற்றுலா போவதற்காகச் சில நாள் பிள்ளையை நிறுத்திக்கொண்டவர்களுக்குப் போனவை. பள்ளி வாசலையே மிதிக்காமல் மாதக்கணக்கில் வீட்டில் முடங்கிக் கிடக்கிற பிள்ளைக்கும் இந்த அபராதத்துக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. இலவச மதிய உணவு பெறும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடையே அடிக்கடி வராமை மற்றவர்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மனநலச் சிகிச்சைக்கு வரிசையில் காத்திருப்பவர்கள், தனிக் கவனிப்பு தேவைப்பட்டும் அது கிடைக்காத வகுப்பறையைக் கண்டு அஞ்சுபவர்கள் என்று நீள்கிறது இந்தக் கூட்டம். இவர்களுடைய தாய்க்கு 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160 பவுண்டு என்று சீட்டு அனுப்பினால், அந்தப் பிள்ளையின் அச்சத்தில் எந்தப் பங்கு குறையும்?

சிறைத் தண்டனையாவது பலன் தந்ததா? 2002இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரைச் சேர்ந்த ஒரு தாய்க்கு, மகள்கள் இருவர் பள்ளிக்குப் போகாததற்காக 60 நாள் சிறை விதிக்கப்பட்டது. பெண்கள் பள்ளிக்குத் திரும்பியதும் அதை வெற்றி என்று கொண்டாடினார்கள். 2004இல் அதே தாய், இளைய மகள் வராததற்காக மறுபடியும் சிறை சென்றார். கலிஃபோர்னியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. சான்ஃபிரான்சிஸ்கோவின் அரசு வழக்கறிஞராக இருந்த கமலா ஹாரிஸ் முன்னின்று ஆதரித்த சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தது: பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கைத் தக்க காரணமின்றித் தவறவிடும் பிள்ளையின் பெற்றோருக்கு 2,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. இரண்டே ஆண்டில், அரிவாள் செல் சோகை என்ற ரத்த நோயால் அடிக்கடி மருத்துவமனையில் கிடந்த ஒரு சிறுமியின் தாயைப் போலீஸ் விலங்கிட்டு அழைத்துச் சென்றது. பெற்றோரைக் குற்றவாளியாக்கும்படி சில இடங்களில் இந்தச் சட்டம் பயன்பட்டதற்கு வருந்துவதாக 2019இல் ஹாரிஸே சொன்னார். சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் அந்தத் தாய் இருந்திருக்க மாட்டார். பொறுப்பில்லாத பெற்றோர்தான் இருந்திருப்பார்கள். ஆனால் வருகைப் பதிவேட்டில் இருவருடைய பிள்ளைக்கும் ஒரே குறிதான் விழுகிறது. அந்தக் குறியை மட்டும் பார்த்துத் தண்டிப்பவருக்கு இருவரையும் பிரித்தறிய வழியில்லை.

உண்மையிலேயே அக்கறையற்ற பெற்றோரே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். குடியில் மூழ்கியவர்கள், பிள்ளையை அடித்து வதைப்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அத்தகைய வீட்டுக்கு அபராதச் சீட்டு போனால் வதைபடுவது மீண்டும் அந்தப் பிள்ளைதான். அங்கே போகவேண்டியவர்கள் குழந்தைப் பாதுகாப்பு அலுவலர்கள். முதலில் உதவி, பிறகே தண்டனை என்றுதானே இங்கிலாந்தின் 2024 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன என்றும் வாதிடலாம். நல்ல சொற்கள்தான். ஆனால் அபராதத்துக்கு விலைப்பட்டியலும் கெடுவும் இருக்கின்றன. உதவிக்கு அப்படியொரு கெடு இல்லை. ஆள்பலமும் பணமும் குறைந்த நிர்வாகம் இரண்டில் எதைச் செய்து முடிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தண்டனையில் நம்பிக்கை வைத்த எல்லா நாடும் அதிலேயே நிற்கவுமில்லை. வராத பிள்ளைகளின் குடும்ப உதவித்தொகையை நிறுத்தலாம் என்று 2010இல் சட்டம் இயற்றிய பிரான்ஸ், 2013இல் அதை ரத்து செய்தது.

நம் ஊருக்கு வருவோம். ஏழைப் பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியாது என்பதுதான் இங்கே அபராதம் கேட்பவர்களின் அடிப்படை எண்ணம். 1996இல் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசக் கிராமங்களில் ஆய்வு நடத்தி 1999இல் வெளியான ‘ப்ரோப்’ அறிக்கை அதை உடைத்துப் போட்டது. ஆண் பிள்ளைக்குப் படிப்பு முக்கியம் என்றவர்கள் 98 சதவீதம். பெண் பிள்ளைக்கும் முக்கியம் என்றவர்கள் 89 சதவீதம். அந்த ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது பாதிப் பள்ளிகளில் பாடமே நடக்கவில்லை. தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் காலத்தில் வந்த மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கிய சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு ஆகிய மூன்றும் ஒரே புரிதலில் பிறந்தவை: பிள்ளை வரவில்லையென்றால் என்ன தடுக்கிறது என்று கேள். பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறார்களே என்பவர்களுக்கும் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்க இடம் தருகிறது. அந்தப் பிரிவை ஒழுங்காகப் பயன்படுத்தாமல் செங்கல் சூளைத் தொழிலாளியின் மேல் பாய்வது கோழைத்தனம்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது; தவறினால் தண்டனை என்று எதையும் சொல்லவில்லை. பலர் இதைச் சட்டத்தில் விழுந்த ஓட்டை என்கிறார்கள். அதற்கு முந்தைய 8ஆவது பிரிவையும் அவர்கள் படிக்க வேண்டும். சேர்க்கை மட்டுமல்ல, பிள்ளை தினமும் வருவதையும் எட்டாம் வகுப்புவரை முடிப்பதையும் உறுதிசெய்யும் பொறுப்பை அது அரசின் தோளில் வைக்கிறது. பெற்றோருக்கு அபராதம் வேண்டும் என்று மனு எழுதுபவர்கள், அதை அனுப்புவதற்கு முன், தம் ஊர்ப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை உண்டா, சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளையை நடு ஆண்டில் சேர்த்துக்கொண்டார்களா என்று அந்த 8ஆவது பிரிவைக் காட்டிக் கேட்கட்டும்.