முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா?



உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். நீங்கள் சொல்லி முடிக்கும் முன்பே, "பொய் சொல்கிறாய், உன் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது" என்று சொல்லிவிடுவார். அவர் அம்மாவாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம், வகுப்பாசிரியராகவும் இருக்கலாம். எனக்கு அவர் அப்பத்தா.

1970-களில் எங்கள் வீட்டு அடுக்களையில் ஓர் உறி தொங்கியது. உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்றுப் பின்னலே உறி. எறும்புக்கும் பூனைக்கும் எட்டாமல் பானைகளை அதில் வைப்பார்கள். எங்கள் கருப்பட்டிப் பானை அதில்தான் இருந்தது. அப்பத்தா கொல்லைப்புறம் போகும் நேரம் பார்த்து, முக்காலி போட்டு ஏறி, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, திண்ணையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்துவிடுவேன். சற்று நேரத்தில் அவர் வருவார். "கருப்பட்டி எடுத்தியா?" என்பார். "இல்லை" என்பேன். "என் கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்பார். அத்துடன் என் கதை முடிந்துவிடும்.

அவருடைய கண்களுக்கு ஏதோ தனிச் சக்தி இருப்பதாகப் பல ஆண்டுகள் நம்பினேன். கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு விடுமுறையில் அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "உன் மூஞ்சியை எங்கடா பார்த்தேன்? உறி ஆடிக்கிட்டு இருந்துச்சு. காத்துமில்லை, பூனையுமில்லை. பெறகு யாரு?"

கனத்த பானையைத் தாங்கிய உறி ஒரு பெரிய ஊசல் அல்லவா? ஒருமுறை ஆட்டம் கண்டால் உடனே நிற்காது. காற்றின் தடையாலும் கயிற்றின் உராய்வாலும் மெல்ல மெல்லத்தான் ஓயும். அப்பத்தா படித்தது என் முகத்தை அன்று, அந்த ஊசலை!

இன்னோர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் வெகுநேரம் கழித்து வந்த நாட்களில் உறி ஓய்ந்திருக்கும்; அவர் எதுவும் கேட்க மாட்டார். அப்படித் தப்பிய நாட்கள் பல. ஆனால் அவற்றை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை. பிடிபட்ட நாட்களை மட்டும் எண்ணி, "அப்பத்தா எப்போதும் கண்டுபிடித்துவிடுவார்" என்று முடிவு கட்டிவிட்டேன். வெற்றியை மட்டும் எண்ணித் தோல்வியை எண்ணாவிட்டால் எந்த ஜோசியமும் பலித்ததாகத்தான் தோன்றும்.

சரி, முகத்தைப் பார்த்தே பொய்யை அறிய முடியுமா? விஞ்ஞானிகள் இதைச் சோதித்திருக்கிறார்கள். சிலரை உண்மையும் சிலரைப் பொய்யும் பேசச் செய்து, மற்றவர்களைத் தீர்ப்புச் சொல்லச் செய்வார்கள். இத்தகைய பல ஆராய்ச்சிகளை அமெரிக்க உளவியலாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006-இல் தொகுத்துப் பார்த்தனர். தீர்ப்புச் சொன்னவர்கள் 24,000 பேருக்கும் மேல். சரியான தீர்ப்புகள் சராசரியாக 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டே தீர்ப்புச் சொல்லியிருந்தாலும் 50 சதவீதம் கிடைத்திருக்கும்! பொய் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் மற்றவர்களைவிட மேலாக இல்லை.

பொய்யர்கள் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள் என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டுமன்று. 58 நாடுகளில் கேட்டபோதும் மக்கள் மிகுதியாகச் சொன்ன அடையாளம் அதுதான் என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. ஆனால் சோதனைகளில் அந்த அடையாளம் நம்பத்தக்கதாக நிற்கவில்லை. வெட்கப்படுபவரும் பார்வையைத் தாழ்த்துவார், பயந்தவரும் தாழ்த்துவார். தேர்ந்த பொய்யரோ உங்கள் கண்ணை நேருக்கு நேர் பார்ப்பார்.

இது வெறும் வேடிக்கைச் செய்தி அன்று. நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது ஒரு மாணவனின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போயிற்று. எங்கள் கணக்கு ஆசிரியர் கெட்டிக்காரர். விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாவிட்டால் மதிப்பெண் போட மாட்டார். அன்று அவர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பையன் நடுங்கினான், தலை குனிந்தான். "இவன்தான்" என்றார். பிரம்படியும் விழுந்தது. மூன்று நாள் கழித்து, பெட்டி அதன் சொந்தக்காரனின் வீட்டிலேயே, தங்கையின் விளையாட்டுச் சாமான்களுக்கிடையே கிடைத்தது. அந்தப் பையனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மூன்று நாளும் அவனருகே உட்கார்ந்திருந்த நான் என் பையை மறுபக்கம் நகர்த்தி வைத்திருந்தேன். நானும் கேட்கவில்லை.

அவன் நடுங்கியது உண்மைதான். ஆனால் நடுக்கம் அச்சத்தின் அடையாளம்; பொய்யின் அடையாளம் அன்று. இந்தத் தவறு மிகப் பழையது. நம் நாட்டில் முற்காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை அரிசியை மென்று துப்பச் சொல்லும் சோதனை இருந்தது. அச்சத்தில் உமிழ்நீர் குறைந்து வாய் உலரும். குற்றமற்றவருக்கும் அச்சம் வராதா? 1921-இல் அமெரிக்காவில் ஜான் லார்சன் அமைத்த பொய் கண்டறியும் கருவிக்கும் இதே குறை உண்டு. இன்றைய கருவி இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு, தோலின் வியர்வை ஆகியவற்றை அளக்கிறது. பொய்யை அளக்கும் உறுப்பு அதில் எதுவும் இல்லை. ஒருவருடைய விருப்பமின்றி அவரை அத்தகைய சோதனைக்கு உட்படுத்தக்கூடாது என்று நமது உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது.

"அப்படியானால் பொய்கள் வெளிப்படுவதே இல்லையா?" என்று கேட்பீர்கள். வெளிப்படுகின்றன. எப்படி என்று 2002-இல் அமெரிக்காவில் சில ஆராய்ச்சியாளர்கள் மாணவர்களிடமே கேட்டனர். பெரும்பாலான பொய்கள் பிறர் தந்த தகவலாலும், கையில் சிக்கிய தடயத்தாலும், சொன்னவரே ஒப்புக்கொண்டதாலும், பெரும்பாலும் நாட்கள் கழிந்த பின்பே தெரிய வந்தன. 'கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு' என்ற நம் பழமொழியை நினைத்துப் பாருங்கள். அது பொய்யரின் முகத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. எட்டு நாள் பொறுக்கச் சொல்கிறது!

ஆகவே என் கருத்து இது. ஒருவரைப் பொய்யர் என்று சொல்வது ஒரு கணக்குக்கு விடை எழுதுவது போல. வழி காட்டாமல் விடை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பெற்றோருக்கும் இல்லை, ஆசிரியருக்கும் இல்லை, தம்பி தங்கையரை விசாரிக்கும் உங்களுக்கும் இல்லை.

நான் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் வகுப்பிலேயே சோதித்துப் பாருங்கள். ஒருவர் தம்மைப் பற்றி 20 வாக்கியங்கள் சொல்லட்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன் மறைவாக நாணயத்தைச் சுண்ட வேண்டும்: தலை விழுந்தால் உண்மை, பூ விழுந்தால் பொய். வகுப்பில் 40 பேர் கேட்டுத் தத்தம் தாளில் தீர்ப்பை எழுதினால் மொத்தம் 800 தீர்ப்புகள். வெறும் ஊகத்திலேயே சுமார் 400 சரியாக இருக்கும். நீங்கள் எவ்வளவு மேலே போகிறீர்கள்? தவறியவற்றையும் மறக்காமல் எண்ணுங்கள். "எனக்கு எப்போதும் தெரிந்துவிடும்" என்று சொல்லும் பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் மரியாதையுடன் அழைத்து உட்கார வையுங்கள்.

இன்று வீடுகளில் உறி அரிதாகிவிட்டது. ஆனாலும் உங்கள் தங்கை தலைகுனிந்து நிற்கும்போது, அவள் முகத்தை விட்டுவிட்டு, ஆடிக்கொண்டிருக்கும் உறி எதுவும் உண்டா என்று முதலில் தேடுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால், அவள் சொல்வதை நம்புங்கள்.