ஒட்டிக்கொள்ளும் வர்ணம்

திருவருகைக் காலத்தில் வீட்டிற்கு வெள்ளையடித்து, மரச்சாமான்களுக்கும் வர்ணம் பூசுவது நம் குடும்பங்களில் வழக்கம். அவ்வாறு பூசிய மரத்தொட்டில், தை பிறந்த பின்னும் கைபட்டால் பிசுபிசுக்கிறதென நாமக்கல் பகுதித் தாய் ஒருவர் எழுதியுள்ளார். பாட்டனார் காலத்துத் தொட்டிலாம். தவக்காலத்தில் மகளுக்குத் தலைப்பேறு. முகப்பவுடர் தூவியும், வார்னிஷ் பூசியும் பார்த்தாராம். இரண்டும் வீண்முயற்சியே.

எனாமல் வர்ணம் ஈரத்துணியைப்போல் உலர்வதன்று. கரைப்பான் ஆவியானபின், அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் காற்றின் பிராணவாயுவை ஏற்று இறுகவேண்டும். கார்த்திகை மழையின் ஈரமும் மார்கழிக் குளிரும் இதைத் தாமதப்படுத்தும். சிக்கனம் கருதி மண்ணெண்ணெய் கலப்பதும், ஒரே பூச்சில் முடிக்கத் தடிப்பாக அப்புவதும், முதற்பூச்சு காயுமுன் மறுபூச்சு இடுவதும் பெருங்கேடு. மேலே ஏடு கட்டும். அடியிலோ பசை நிற்கும். (கோவில் பெஞ்சுகளின் மேற்கட்டை ஒட்டுவது வேறு கதை. அது பல்லாண்டு வியர்வையும் தேங்காயெண்ணெயும் ஊறி இளகிய பூச்சு.)

முதலில் தொட்டிலை நிழலும் காற்றோட்டமும் உள்ள திண்ணையில் இரண்டு வாரம் வையுங்கள். நம் சமவெளியின் மாசி வெயிற்காற்று பாதி வேலையைச் செய்துவிடும். பிறகும் நகம் பதிந்தால், பட்டித் தகட்டால் பூச்சைச் சுரண்டி, டர்ப்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, நன்கு காய்ந்தபின் மெல்லிய பூச்சாக இருமுறை பூசலாம். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் வர்ணம் ஊறிய துணிக்குவியல் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே விரித்து உலர்த்துங்கள்.

ஆனால், அந்தத் தாய் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. புதுப்பூச்சின் அடியில் இருப்பது எந்தக் காலத்து வர்ணம்? முற்காலத்து வர்ணங்கள் பலவற்றில் காரீயம் கலந்திருந்தது. பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேல் காரீயம் கூடாதென்னும் விதியை இந்திய அரசு 2016-இல் தான் வகுத்தது. அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பல் முளைக்கும் குழந்தை தொட்டிற்கட்டையைக் கடிக்கும். உள்ளே செல்லும் காரீயம் சிறிதளவாயினும் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கருவுற்ற தாய்க்கும் அத்தூசி ஆகாது. ஆகவே பழைய பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே வேண்டாம். சுரண்டும் வேலையை வெளியில், நீர் தெளித்து, மகள் இல்லாத நாளில் செய்யுங்கள். சிதறியதைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

எத்தனை அடுக்கு வர்ணம் உள்ளதென்று தெரியாத தொட்டிலில் பேரக்குழந்தையைக் கிடத்த நான் துணியமாட்டேன். உத்தரத்தில் சேலைத் தூளி கட்டுங்கள். நம்மில் பெரும்பாலோர் அதில் வளர்ந்தவர்களே. பாட்டனார் தொட்டிலை விற்கவும் வேண்டாம், விறகாக்கவும் வேண்டாம். பசை நீங்கியபின், வரும் டிசம்பரில் வைக்கோல் பரப்பிக் குடிலில் பாலன் சேசுவின் சுரூபத்தை அதில் வைக்கலாம்.