சிரங்கு ஒரு வீட்டு நோயன்று

ஜொகூர்த் தோட்டங்களில் பிள்ளைகளுக்குச் சொறி சிரங்கு வருவதும், மருந்து பூசினால் மறைவதும், மறுமாதமே திரும்பி வருவதும் வாடிக்கையாகிவிட்டது. “தாய்மார் சுத்தம் பார்ப்பதில்லை” என்று பழி சுமத்துவோர் இருக்கிறார்கள். அந்தப் பழியை நாம் ஏற்பதற்கில்லை.

சிரங்கைக் கொண்டுவருவது அழுக்கன்று; தோலைத் துளைத்து முட்டையிடும் நுண்ணிய பூச்சி. தோலோடு தோல் படும்போது அது ஆள் மாறுகிறது. நான்கு பிள்ளைகள் ஒரே பாயில் படுக்கும் வீட்டில் அதற்குத் தடை ஏது? முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தோன்ற நான்கு முதல் ஆறு வாரமும் ஆகலாம். ஆகவே, சொறிகிற தம்பிக்கு மட்டும் மருந்து பூசினால், சொறியாத அண்ணனிடமிருந்து பூச்சி திரும்பிவிடும்.

இஃது அற்ப நோயன்று. சொறிந்த புண்ணில் கிருமி புகுந்து சீழ் வைத்தால், சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகமும் கெடக்கூடும். புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனம் இதை 2017-இல் சேர்த்தது.

இதற்கு வழி உண்டு. கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்மவர் சந்ததியும் வாழும் பிஜி நாட்டில், சில தீவுகளில் ஊரார் அனைவருக்கும் ஒருசேர மருந்து கொடுத்தார்கள். ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்த இடத்தில், நூற்றுக்கு 32 பேருக்கு இருந்த சிரங்கு ஓராண்டில் 2 பேராகக் குறைந்தது. 2015-இல் வெளியான ஆய்வு இதைச் சொல்கிறது.

நாமும் ஒருசேரச் செய்வோம். டாக்டர் கொடுக்கும் களிம்பை, வீட்டார் அனைவரும் ஒரே இரவில், கழுத்து முதல் உள்ளங்கால் வரை, விரலிடுக்கும் விடாமல் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுமுறை பூச வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டே மருந்து. அன்றே துணி, போர்வைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். அரிப்பு சில வாரம் நீடிக்கலாம். அதற்காக மேலும் மேலும் பூசலாகாது.

வெந்நீர் வைக்கத் தண்ணீர் வேண்டாமா? தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய குழாய்நீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் கூறுகிறது. குழாய் வறண்ட லயத்தில் தாயைக் குறை சொல்ல நிர்வாகத்துக்கு உரிமையில்லை.

கிளைச் செயலவையினர் சுகாதார நிலையத்தாரோடு பேசி, லயம் முழுமைக்கும் ஒரு நாளைக் குறிக்க வேண்டும். எந்த வீட்டில் முதலில் கண்டது என்று விரல் நீட்ட வேண்டாம். வெட்கப்பட்டு மறைக்கும் ஒரு வீடு போதும், லயம் முழுவதும் மீண்டும் சொறிவதற்கு. சம்பளத்துக்கு ஒன்றுபட்ட நாம், நம் பிள்ளைகள் நிம்மதியாய் உறங்குவதற்கும் ஒன்றுபடுவோம்!