எந்தப் பங்கில் பெட்ரோல் போடுவது?

காரா நமக்கு, பெட்ரோல் பங்க்கைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் கேட்கக் கூடும். பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூரில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கார் கம்பெனி அதிகாரியுடையதாக இருக்கலாம். ஸ்டீரிங் பிடித்திருப்பது நம் வீட்டுப் பிள்ளை. வாடகைக் கார் ஓட்டும் பலருக்கு எண்ணெய்க் காசு போக மிஞ்சுவதே கூலி. பங்கில் குழாய் பிடித்து நாள் முழுவதும் நிற்கும் பெண்ணும் நம் வீட்டுப் பெண்தான். டீசல் விலை ஏறினால் தாம்பரம் சந்தைக்கு வரும் காய்கறி விலையும், உழவு டிராக்டர் வாடகையும் சேர்ந்தே ஏறுகின்றன. ஆகவே இது நம் விஷயம்.

விடியற்காலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும், 100 ரூபாய்க்குப் போடாமல் 110 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்றெல்லாம் டிரைவர்கள் பேசிக்கொள்கிறார்கள். இவற்றில் சாரமில்லை. பெட்ரோல் பூமிக்கடியில் தொட்டியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அதன் சூடு அதிகம் மாறாது. 110 என்று கேட்டாலும் அளப்பது அதே மீட்டர்தான். புதுச்சேரியில் வரி குறைவு, விலையும் குறைவு என்பது மெய். ஆனால் அதற்காக நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் மிச்சப்பட்டது வழியிலேயே எரிந்து போகும்.

பயன் தரும் வழி வேறு. மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே போடச் சொல்லுங்கள். ரசீது கேளுங்கள். அளவில் சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் அளந்து காட்டச் சொல்லலாம். அதை வைத்திருப்பது ஒவ்வொரு பங்கின் கடமை. 5 லிட்டருக்கு 25 மில்லி லிட்டருக்கு மேல் குறையக் கூடாது. கலப்படம் என்று தோன்றினால் வடிதாள் கேளுங்கள். அதில் விட்ட பெட்ரோல் சொட்டு கறை வைக்காமல் ஆவியாக வேண்டும். டயருக்குக் காற்று, குடிநீர், கழிப்பிடம் ஆகியவற்றுக்குக் காசு கேட்கக் கூடாது. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். ஆனால் குறை கண்டால் குழாய் பிடித்த தொழிலாளியின் மேல் பாய வேண்டாம். மீட்டர் அவருடையதல்ல, லாபமும் அவருடையதல்ல. பங்க் உரிமையாளரைக் கேளுங்கள். எண்ணெய்க் கம்பெனிக்கும் தொழிலாளர் துறையின் எடையளவு அதிகாரிக்கும் புகார் எழுதுங்கள்.

சரி, எந்தப் பங்க்? அரசுத்துறைக் கம்பெனியின் பங்க் என்பதே நம் பதில். காரணம் சொல்கிறோம்.

சுதந்திரம் வந்த பிறகும் நம் நாட்டு எண்ணெய் வியாபாரம் பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்ற மூன்று அந்நியக் கம்பெனிகளின் பிடியில் இருந்தது. 1960-இல் சோவியத் நாடு மலிவாகக் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. அதை எங்கள் ஆலைகளில் சுத்திகரிக்க மாட்டோம் என்று மூவரும் மறுத்தார்கள். 1959-இல் பிறந்த இந்தியன் ஆயில் மூலம் சோவியத் டீசல் வந்து இறங்கிய பிறகே அவர்களுடைய பிடி தளர்ந்தது. பின்னர் எஸ்ஸோ 1974-இலும், பர்மா ஷெல் 1976-இலும் நாட்டுடைமையாயின, கால்டெக்ஸும் தொடர்ந்தது. இன்றைய இந்துஸ்தான் பெட்ரோலியமும் பாரத் பெட்ரோலியமும் அவற்றின் வாரிசுகள்.

தனியாரின் குணம் என்ன? 2008-இல் கச்சா எண்ணெய் விலை ஏறியது. அரசு பங்குகள் குறைந்த விலைக்கே விற்றன; ரிலையன்ஸ் தன் பங்குகளை இழுத்து மூடியது. லாபம் இல்லாவிட்டால் கதவை மூடுவதே முதலாளியின் தர்மம். அன்று ஆட்டோவும் பஸ்ஸும் ஓடியது அரசு பங்குகளால்தான்.

இதனால் அரசுத்துறை செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-இலும், டீசல் கட்டுப்பாடு 2014-இலும் கைவிடப்பட்டன. 2020-இல் ஊரடங்கில் மக்கள் வேலையின்றிக் கிடந்தபோது, உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. அந்தப் பலன் நமக்கு வந்ததா? மத்திய சர்க்கார் அவ்வாண்டு மே மாதம் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றியது. 2021 பட்ஜெட்டுக்குப் பின் லிட்டர் பெட்ரோலுக்கு 32 ரூபாய் 90 காசு மத்திய வரி; அதில் மாநிலங்களுக்குப் பங்கு போனது வெறும் 1 ரூபாய் 40 காசிலிருந்துதான். 2023-24-இல் மூன்று அரசுக் கம்பெனிகளும் சேர்ந்து ஈட்டிய லாபம் சுமார் 81,000 கோடி ரூபாய். மக்கள் சொத்தையே மக்களைக் கறக்கும் யந்திரமாக்கியிருக்கிறார்கள். அதோடு நில்லாமல், பாரத் பெட்ரோலியத்தை விற்கவும் 2019-இல் முடிவு செய்தார்கள். தொழிலாளர்கள் எதிர்த்தார்கள், வாங்குவோரும் விலகினார்கள், 2022-இல் அந்த விற்பனை கைவிடப்பட்டது.

மாட்டுக்குப் பால் இருக்கிறது. கறப்பவன் கன்றுக்கு விடவில்லை. அதற்காக மாட்டையே கசாப்புக்காரனிடம் விற்பதா?

வரியைக் குறைக்க முடியாது என்பார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. கஜானா கவிழ்ந்து விடவில்லை. நாவலூர் சுங்கச் சாவடியும் அசையாது என்றே நினைத்தோம். மக்கள் ஓயாமல் கேட்டார்கள். 2023 அக்டோபரில் அங்கே வசூல் நின்றது.

ஆகவே தோழர்களே, அரசு பங்கில் போடுங்கள். அளவு பார்த்துப் போடுங்கள். குழாய் பிடித்த தொழிலாளியிடம் குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு சங்கத்துக்கு வந்து, வரியைக் குறை, எண்ணெய்க் கம்பெனிகளை விற்காதே என்ற கோரிக்கைகளில் கையெழுத்திடுங்கள். பங்கில் ஒரு லிட்டரின் அளவைத்தான் சரிபார்க்க முடியும். அதன் விலையைச் சரிசெய்ய நாம் ஒன்றுசேர வேண்டும்.