அயல்வீட்டில் ஓராண்டு: தடுப்பதா, தயார் செய்வதா?



விழுப்புரம் - புதுச்சேரி சாலையில் உள்ள கண்டமங்கலத்தில், ஜும்ஆ தொழுகை முடிந்த வேளையில் ஒரு தந்தை நம்மிடம் ஆலோசனை கேட்டார். பத்தாம் வகுப்பு முடித்த அவருடைய மகன், உதவித்தொகையுடன் அமெரிக்காவில் ஓராண்டு படிக்க விரும்புகிறான். "செலவெல்லாம் அவர்களே ஏற்கிறார்களாம். ஆனால் வேற்று மதத்தார் வீட்டில் தங்க வேண்டுமாம், பாய். பிள்ளையின் தொழுகை என்ன ஆகும்?" என்றார். நம் குடும்பங்கள் பலவற்றின் கேள்வி இதுவே.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்காக அமெரிக்க அரசு 2002இல் தொடங்கியது கென்னடி - லூகர் இளையோர் பரிமாற்றத் திட்டம். இந்திய மாணவர்களும் இதில் சென்று வந்திருக்கிறார்கள். தேர்வாகும் மாணவர் ஒரு கல்வியாண்டு முழுவதும் அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் பிள்ளையைப் போல் வாழ்ந்து, அங்குள்ள பள்ளியில் பயில்வார். சமூகத் தொண்டும் ஆற்றுவார். நவம்பரில் வரும் சர்வதேசக் கல்வி வாரத்தில் தம் நாட்டையும் பண்பாட்டையும் பற்றி அங்குள்ளோருக்கு எடுத்துரைப்பார்.

சோதனைகள் இல்லாமல் இல்லை. அங்கே வெள்ளிக்கிழமை பள்ளி நாள். ஜும்ஆவுக்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அருகில் பள்ளிவாசல் இல்லாத சிற்றூரிலும் இடம் அமையலாம். உணவு மேசையில் பன்றி இறைச்சி இருந்தால், வேண்டாம் என்று பணிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். தோழர்கள் உண்ணும் பொழுதில் நோன்பிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பவர்களுக்கு விளக்கமும் சொல்ல வேண்டும்.

இந்தச் சோதனைகளுக்காகவே பிள்ளையைத் தடுக்க வேண்டும் என்பது பலரின் கருத்து. நம் கருத்து வேறு. நபித்தோழர்கள் மக்காவின் கொடுமை தாளாமல் அபிசீனியாவுக்குச் சென்றபோது, அங்கு ஆண்டவர் நஜ்ஜாஷி என்னும் கிறிஸ்தவ மன்னர். அவருடைய அவையில் மார்க்கத்தை எடுத்துரைத்தவர் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள். அந்நிய மண் அவர்களின் ஈமானைக் குறைக்கவில்லை. விளக்கிச் சொல்லும் பொறுப்பையே கொடுத்தது.

இன்னொன்றையும் மனச்சாட்சியோடு எண்ணிப் பார்ப்போம். இருபது வயதில் மகனை வளைகுடாவுக்கு வேலைக்கு அனுப்பும்போது, அவன் யாருடன் தங்குவான், தொழுகிறானா என்று எத்தனை பேர் விசாரிக்கிறோம்? சம்பாத்தியத்துக்காகத் திறக்கும் கதவைக் கல்விக்காக மட்டும் சாத்துவது முறையா?

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொல்லவில்லை. தொழுகையும் உணவுக் கட்டுப்பாடும் விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதப்பட வேண்டும். இங்குள்ள மேல்நிலைப் படிப்பில் ஓராண்டு இடைவெளி விழக்கூடும். பள்ளியிடம் முன்னதாகவே பேசிக்கொள்ள வேண்டும். பெண்பிள்ளையாயின் மஹ்ரம் குறித்த கேள்வி எழும். அதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. கேட்காமலே மறுப்பது முறையன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன் தொழுகிறோம் என்பதைப் பிள்ளை தன் சொற்களில் சொல்லுமாறு வீட்டிலேயே பழக்க வேண்டும். அது தெரியாத பிள்ளைக்குச் சென்னைக் கல்லூரி விடுதியும் அயல்நாடுதான்.

ஒரே வாய்ப்பை நம்பியிருப்பதும் கூடாது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதியை நிறுத்தி வைத்தது; மே இறுதியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாக நேரம் ஒதுக்குவதையும் சில வாரங்கள் நிறுத்தியது. பட்டம் முடித்தவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் முதுகலைப் படிப்பை ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பயிலலாம். வெளிநாட்டில் முதுகலை பயில 10 முஸ்லிம் மாணவர்களுக்குத் தலா 36 லட்சம் ரூபாய் வரை வழங்கும் திட்டத்தை 2025இல் தமிழ்நாடு அரசும் அறிவித்தது.

இத்தகைய செய்திகள் கண்டமங்கலம் போன்ற ஊர்களுக்கு எட்டும்போது பெரும்பாலும் கடைசி நாள் கடந்திருக்கும். ஜமாஅத்தின் அறிவிப்புப் பலகையில் நிக்காஹ், ஜனாஸா செய்திகளோடு உதவித்தொகைச் செய்திக்கும் இடம் தருவோம். படித்த இளைஞர்கள் இருவர் பொறுப்பேற்று விண்ணப்பம் நிரப்ப உதவினால், அதுவும் ஸதகாவே.

அந்தத் தந்தையிடம் நாம் சொன்னது இவ்வளவுதான்: "மகனோடு உட்கார்ந்து பேசுங்கள். அவன் தயாரா என்று பாருங்கள். தயார் என்றால் துஆவோடு அனுப்புங்கள்."

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் உறுதியான ஈமானையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.