கோசியெல்னிக்குக் கிடைக்காத மரியாதை

2011 லீக் கோப்பை இறுதியாட்டம், வெம்ப்ளி. ஆட்டம் முடியும் தறுவாயில் ஆர்சனலின் பிரெஞ்சுத் தடுப்பாட்டக்காரர் லோரான் கோசியெல்னிக்கும் கோல்கீப்பருக்கும் குழப்பம். நழுவிய பந்தை பர்மிங்காமின் மார்ட்டின்ஸ் காலி வலைக்குள் தட்டினார். கோசியெல்னி என்றதும் பலருக்கு இன்றும் அந்தக் காட்சிதான்.

அநியாயம்.

பிரான்சின் இரண்டாம், மூன்றாம் நிலை லீக்குகளில் ஆடி, லோரியாங் வழியாக 2010இல் ஆர்சனலுக்கு வந்தவர் அவர். உடல்பலத்தைவிட, பந்து வரும் வழியை முன்கூட்டியே மோப்பம் பிடித்து இடைமறிப்பதே அவர் பாணி. 2012, 2013 இரு சீசன்களின் கடைசி நாளிலும் வெற்றி கோல் அவருடையது. சாம்பியன்ஸ் லீக் இடம் உறுதியானது அவற்றால்தான். 2014 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஹல் அணிக்கெதிராகச் சமன்செய்த கோலும் அவர் அடித்ததே. ஒரு ஸ்ட்ரைக்கர் இவ்வளவும் செய்திருந்தால் சிலையே வைத்திருப்பார்கள்!

2016 யூரோ இறுதியாட்டத்திலும் பிரான்சுக்காக ஆடினார். 2018 மே மாதம், மாட்ரிட்டில், குதிகால் தசைநார் அறுந்தது. இரண்டே மாதங்களில் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றது, அவர் இல்லாமல்.

2019இல் அணியின் அமெரிக்கப் பயணத்துக்கு வர மறுத்து போர்தோ அணிக்குப் போனதை ஆர்சனல் ரசிகர்கள் மன்னிக்கவில்லை. விலகிய விதம் அழகாக இல்லைதான். அதற்காக, 350க்கும் மேற்பட்ட ஆட்டங்களை மறந்துவிடுவதா?